பெருந்தொற்றின் சுமையை அளப்பது எப்படி? நேரடி இறப்பு, மறைமுகப் பாதிப்பு, மிகை இறப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கோவிட்-19 நோயால் இறந்தவர்கள் என உலக நாடுகள் அறிவித்த எண்ணிக்கை ஏறத்தாழ 54 லட்சம். அதே காலத்தில் பெருந்தொற்றோடு தொடர்புடைய கூடுதல் இறப்புகள் 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கோவிட் காலத்தவை. முறைகள் எந்தப் பெருந்தொற்றுக்கும் பொருந்துபவை.

1. இரண்டில் எது சரியான எண்ணிக்கை?

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது, ஒவ்வொரு நாடும் தன் விதிப்படி "இவர் கோவிட்டால் இறந்தார்" என்று பதிந்தவர்களின் கூட்டுத்தொகை. இரண்டாவது, பெருந்தொற்று வராமல் இருந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்களோ அதைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்ற மதிப்பீடு; இதையே மிகை இறப்பு என்கிறார்கள். அதில் பதிவாகாத கோவிட் இறப்புகளும், மருத்துவம் கிடைக்காமல் பிற நோய்களால் நேர்ந்த இறப்புகளும் அடங்கும். மதிப்பீடு என்பதால் அதற்கு ஒரு வரம்பும் உண்டு: 1.33 கோடி முதல் 1.66 கோடி வரை. வரம்பை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கம் செய்தித்தாள்களில் இருக்கிறது. அது வாசகருக்குச் செய்யும் உதவி அல்ல.

2. நேரடிப் பாதிப்பு எது, மறைமுகப் பாதிப்பு எது?

கிருமி உடலுக்குள் சென்று விளைவிப்பவை எல்லாம் நேரடிப் பாதிப்புகள். தொற்று, தீவிர நோய், மரணம் ஆகியவற்றோடு, குணமான பிறகும் நீடிக்கும் களைப்பு, மூச்சுத்திணறல், நினைவுக் குழப்பம் போன்றவையும் இதில் சேரும். இத்தகைய நீடித்த கோவிட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தந்த வரையறையின்படி, அறிகுறிகள் பொதுவாகத் தொற்று தொடங்கி மூன்று மாதங்களுக்குள் காணப்பட வேண்டும். குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்க வேண்டும். வேறு நோயால் விளக்க முடியாதவையாக இருக்க வேண்டும்.

கிருமி தொடாதவருக்கும் பெருந்தொற்றினால் நேரும் விளைவுகள் மறைமுகமானவை. மருத்துவமனைப் படுக்கை கிடைக்காத மாரடைப்பு நோயாளி, தள்ளிப்போடப்பட்ட அறுவைச் சிகிச்சை, தவறிய தடுப்பூசி, வருமானம் போனதால் வந்த ஊட்டக்குறைவு, தனிமையால் வந்த மனச்சோர்வு ஆகியன இவ்வகை. குறைந்த காற்று மாசு, குறைந்த ஃப்ளூ போன்ற நன்மைகளும் மறைமுக விளைவுகளே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறைமுக இழப்பு சிறியது என்று எண்ண வேண்டாம். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா 11,300-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போது கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் மருத்துவச் சேவை பாதியாகக் குறைந்தது எனக் கொண்டு செய்யப்பட்ட ஒரு கணிப்பு, மலேரியா, எச்.ஐ.வி., காசநோய் ஆகிய மூன்றால் மட்டும் கூடுதலாக ஏறத்தாழ 10,600 பேர் இறந்திருக்கலாம் என்றது. எபோலா கொன்றதற்குக் கிட்டத்தட்ட இணையான எண்ணிக்கை அது.

3. ஒருவர் அந்த நோயால்தான் இறந்தார் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இறப்புச் சான்றிதழை நிரப்பும் மருத்துவர். சான்றிதழில் மரணத்துக்கு இட்டுச்சென்ற நிகழ்வுச் சங்கிலியை வரிசையாக எழுத வேண்டும்: மூச்சுச் செயலிழப்பு, அதற்குக் காரணம் நிமோனியா, அதற்கும் அடியில் கோவிட். சங்கிலியின் அடியில் இருப்பதே அடிப்படைக் காரணம்; புள்ளிவிவரத்தில் ஏறுவதும் அதுவே. நீரிழிவோ இதய நோயோ இருந்திருந்தால் அது தனிப் பகுதியில் துணைக் காரணமாக எழுதப்படும். ஆய்வகம் உறுதிசெய்த கோவிட்டுக்கு யு07.1 என்றும், உறுதிசெய்யப்படாமல் மருத்துவர் கணித்த கோவிட்டுக்கு யு07.2 என்றும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் குறியீடுகள் உள்ளன.

ஆனால் அன்றாடம் தொலைக்காட்சியில் ஓடிய எண்ணிக்கை பெரும்பாலும் சான்றிதழ்களிலிருந்து வந்ததன்று. பரிசோதனை முடிவுகளோடு இறப்புப் பட்டியலை ஒப்பிட்டு விரைவாகத் தொகுத்தது. அதனால் விதி மாறினால் எண்ணும் மாறியது. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டு வரை, தொற்று உறுதியான ஒருவர் எத்தனை மாதம் கழித்து எதனால் இறந்தாலும் கணக்கில் சேர்ந்தார். பிறகு 28 நாள்களுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று மாற்றியதும், 5,000-க்கும் மேற்பட்ட இறப்புகள் ஒரே நாளில் பட்டியலிலிருந்து நீங்கின. எதிர்த்திசையில் பெரு நாடு: 2021 மே இறுதியில், பரிசோதனையில் உறுதியானவர்களோடு மருத்துவச் சான்றுகளின்படி அமைந்த இறப்புகளையும் சேர்க்க முடிவு செய்தபோது, எண்ணிக்கை 69,342-லிருந்து 1,80,764 ஆக உயர்ந்தது. இறந்தவர்கள் அவர்களேதாம், மாறியது எண்ணும் விதி. பெல்ஜியம் தொடக்கத்திலிருந்தே முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யப்படாத சந்தேக இறப்புகளையும் சேர்த்துக்கொண்டதால், 2020-இல் அண்டை நாடுகளைவிட மோசமாகத் தோன்றியது. நேர்மையாக எண்ணிய நாட்டுக்குக் கெட்ட பெயர் வந்த கதை அது.

4. மிகை இறப்பு என்பது புதிய கருத்தா?

மிகப் பழையது. 1662-இல் லண்டன் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்த ஜான் கிராண்ட், 1625-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். அவ்வாண்டு கொள்ளைநோயால் இறந்தோர் 35,417 என்று பட்டியல் சொன்னது. மற்ற காரணங்களால் இறந்தோர் 18,000-க்கும் மேல். வழக்கமான ஆண்டுகளிலோ மற்ற காரணங்களால் இறப்போர் ஏழெட்டாயிரம் பேர்தான். மீதிப் பதினோராயிரம் பேரும் கொள்ளைநோய்க்குப் பலியாகி வேறு பெயரில் பதிவானவர்கள் என்று அவர் முடிவுகட்டினார். வீட்டை அடைத்து முத்திரை வைத்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்த காலத்தில் குடும்பங்கள் நோயின் பெயரை மறைத்ததில் வியப்பில்லை. 1847-இல் லண்டனில் பரவிய இன்ஃப்ளூயன்ஸாவுக்கு ஆங்கிலேயப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் இதே சிந்தனையை முறைப்படுத்திப் பயன்படுத்தினார். 1963-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் செர்ஃப்லிங், பருவந்தோறும் ஏறி இறங்கும் இறப்பு அலையைக் கணிதச் சமன்பாடாக்கி, அலைக்கு மேலே எழும் பகுதியை அளக்கும் முறையைத் தந்தார்.

5. "எதிர்பார்த்த இறப்பு" என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியில்தான் முழுக் கணக்கின் உயிர்நாடி இருக்கிறது. நடந்ததை எண்ணிவிடலாம், நடந்திருக்கக்கூடியதை யாரும் எண்ண முடியாது, கணிக்கத்தான் முடியும்.

எளிய வழி, முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்வது. 2015 முதல் 2019 வரையிலான சராசரியைப் பல நாடுகள் பயன்படுத்தின. இதன் குறை தெளிவானது: முதியோர் தொகை ஆண்டுதோறும் பெருகும் நாட்டில் பெருந்தொற்று வராவிட்டாலும் இறப்புகள் கூடும். சராசரி அந்த ஏற்றத்தைக் கவனிக்காததால் மிகை இறப்பைப் பெரிதாக்கிக் காட்டும். வயதுவாரியான இறப்பு விகிதம் வேகமாகக் குறைந்துவரும் நாட்டிலோ இதற்கு மாறாகப் பிழை நேரும். காலம் செல்லச்செல்ல இன்னொரு சிக்கலும் வருகிறது. 2022-க்கு ஐந்தாண்டுச் சராசரி எடுத்தால் அதில் 2020-உம் 2021-உம் புகுந்துவிடும். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2022-க்கு 2016 முதல் 2019 வரையும் 2021-ஐயும் எடுத்துக்கொண்டு 2020-ஐ விட்டுவிட்டது. பின்னர் 2024-இல் முறையையே மாற்றி, மக்கள்தொகையின் வயதுக் கட்டமைப்பைக் கணக்கில் கொள்ளும் கணித மாதிரிக்குச் சென்றது.

சராசரிக்குப் பதில், முந்தைய ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் போக்குக்கோட்டை முன்னே நீட்டுவது இரண்டாவது வழி. அதிலும் ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் முதலில் ஜெர்மனிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 116 மிகை இறப்புகள் என்று வெளியிட்டது. 2018-இல் ஃப்ளூ கடுமையாக இருந்து 2019-இல் இறப்பு குறைந்திருந்த நிலையில், அந்தச் சிறு இறக்கத்தையே போக்கு என எடுத்துக்கொண்டு வளைகோட்டை நீட்டியதால், அடுத்த ஆண்டுகளுக்கான எதிர்பார்ப்பு தாழ்ந்துவிட்டது. விமர்சனத்துக்குப் பின் கணக்கு திருத்தப்பட்டு எண் 73 ஆனது. பதிவு முறை மிகச் சிறப்பாக உள்ள ஒரு நாட்டிலேயே, ஒரு கோட்டின் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வித்தியாசத்தை உண்டாக்கியது.

சிறு விவரங்களும் வேலையைக் காட்டும். 2020 லீப் ஆண்டு. ஒரு நாள் கூடுதல். வாரக் கணக்கில் அவ்வாண்டுக்கு 53 வாரங்கள். அந்த ஒரு வாரத்தை ஒப்பிட முந்தைய நான்கு ஆண்டுகளில் இணை வாரமே கிடையாது. இவற்றை எப்படிக் கையாண்டார்கள் என்று அறிக்கையின் முறையியல் பகுதியில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுதியிருந்தால் மற்றவற்றையும் கவனமாகச் செய்திருப்பார்கள் என்று ஓரளவு நம்பலாம்.

6. நாடுகளை ஒப்பிட எந்த அளவை நல்லது?

மொத்த எண் ஒப்பிட உதவாது. எதிர்பார்த்த இறப்பில் எத்தனை விழுக்காடு கூடுதல் என்பது பயன்படும் அளவை. ஒரு பகுதியில் ஒரு மாதத்தில் 1,000 இறப்புகள் எதிர்பார்க்கப்பட்டு 1,300 நிகழ்ந்தால் மிகை 30 விழுக்காடு. இளைஞர் மிகுந்த நாட்டையும் முதியோர் மிகுந்த நாட்டையும் ஒப்பிடும்போது வயதுத் தரப்படுத்தலும் (இரண்டுக்கும் ஒரே வயது அமைப்பு இருப்பதாக வைத்துக் கணக்கிடுவது) சேர்ந்தால்தான் நியாயமான ஒப்பீடு அமையும்.

7. மிகை இறப்பு எதிர்மறையாகவும் வருமா?

வரும். 2020-இல் நியூசிலாந்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவான இறப்புகள் பதிவாயின. எல்லையை மூடியதால் கோவிட் மட்டுமல்லாது ஃப்ளூவும் நுழையவில்லை. உலக அளவிலும் ஃப்ளூ ஒடுங்கியது: பி வகை இன்ஃப்ளூயன்ஸாவின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கடுமையான அலைக்குப் பின்னும் சில வாரங்கள் எதிர்மறையாகலாம்; அடுத்த சில மாதங்களில் இறக்கும் நிலையில் இருந்தவர்கள் முன்னதாகவே இறந்துவிட்டதால் வரும் தற்காலிகப் பள்ளம் அது. அந்தப் பள்ளத்தை மட்டும் பார்த்து நிலைமை சீரானது என்று சொல்வது தவறு.

8. மிகை இறப்பிலிருந்து அறிவிக்கப்பட்ட கோவிட் இறப்பைக் கழித்தால் மறைமுக இறப்பு கிடைத்துவிடுமா?

கிடைக்காது. மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு இதுதான். மேலே சொன்ன 300 கூடுதல் இறப்புகளில் 120 கோவிட் எனப் பதிவாகியிருந்தால், மீதி 180-இல் பரிசோதனை செய்யப்படாத கோவிட் இறப்புகளும், சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்களும் கலந்தே இருப்பார்கள். அதோடு, ஃப்ளூவும் விபத்தும் குறைந்ததால் தப்பித்த உயிர்கள் கழிவாக உள்ளே ஒளிந்திருக்கும். 300 என்பதே கூட்டலும் கழித்தலும் முடிந்த பின் நிற்கும் நிகர எண்.

பிரித்தறிய வேறு சான்றுகள் தேவை. முதலாவது, காலப்பொருத்தம்: மீதி இறப்புகள் தொற்று அலையோடு சேர்ந்தே ஏறி இறங்கினால், அவற்றில் பெரும்பகுதி கண்டறியப்படாத கோவிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். தவறிய சிகிச்சையின் விளைவு அவ்வளவு கூர்மையான முகடுகளாக வராது. இரண்டாவது, காரணவாரியான பதிவுகள். இவை எதிர்பாராத திசையையும் காட்டும்: அமெரிக்காவில் 2020-இல் வண்டிப் போக்குவரத்து குறைந்தபோதிலும் சாலை இறப்புகள் கூடி 38,000-ஐத் தாண்டின; போதைப்பொருளை அளவுமீறி எடுத்ததால் இறந்தோர் 2019-இல் ஏறத்தாழ 70,600 ஆக இருந்தது 2020-இல் 91,800 ஆனது.

காரணவாரியான எண்ணிலும் எச்சரிக்கை வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020-இல் மலேரியா இறப்புகள் முந்தைய ஆண்டைவிட 69,000 கூடின. முழுவதையும் பெருந்தொற்றின் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த அறிக்கையே 47,000-ஐ மட்டும் சேவைத் தடங்கலோடு இணைத்தது. மீதி 22,000, இறப்புக் காரணங்களைக் கணிக்கும் முறை மாறியதால் வந்த உயர்வு என்று வெளிப்படையாகப் பிரித்துக் காட்டியது. எல்லா அறிக்கைகளும் இப்படிப் பிரித்துத் தருவதில்லை.

9. இறப்புப் பதிவே முழுமையாக இல்லாத நாடுகளில் என்ன செய்வது?

உலகில் பத்தில் நான்கு இறப்புகள் பதிவாவதில்லை என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆப்பிரிக்காவில் அப்போது பத்தில் ஒன்றுதான் பதிவானது. அங்கெல்லாம் மிகை இறப்பு என்பது பெரும்பாலும் மற்ற நாடுகளின் தரவைக் கொண்டு கணித மாதிரி வழியாக வருவிக்கப்பட்ட எண்.

நேரடியாக அளந்த முயற்சிகளும் உண்டு. ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் 2020-இல் பிணவறைக்கு வந்த 364 உடல்களில் மூக்கு மாதிரி எடுத்துச் சோதித்தபோது, பரிசோதனையின் வழக்கமான அளவுகோலின்படி 58 உடல்களில், அதாவது 15.9 விழுக்காட்டில், கோவிட் கிருமி இருந்தது. மருத்துவமனைக்கு வெளியே இறந்து தொற்றுடன் காணப்பட்ட ஒருவர்கூட உயிரோடு இருக்கும்போது பரிசோதிக்கப்பட்டிருக்கவில்லை. ஆப்பிரிக்காவைக் கோவிட் தொடவில்லை என்ற பேச்சுக்கு அந்தப் பிணவறை மேசை நல்ல மறுமொழி. ஏமன் நாட்டின் ஏடன் நகரில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இடுகாடுகளில் புதிய குழிகளை எண்ணினார்கள். குடும்பத்தாரிடம் அறிகுறிகளைக் கேட்டறிந்து காரணத்தை ஊகிக்கும் வாய்மொழிப் பிரேத விசாரணையும், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் எடுக்கும் இறப்புக் கணக்கெடுப்பும் பிற வழிகள்.

பதிவு நன்றாக இல்லாத இடத்தில் உண்மை சில ஆண்டுகள் கழித்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளிப்படுவதும் உண்டு. 1918-ஆம் ஆண்டு இன்ஃப்ளூயன்ஸாவின் தழும்பு இந்தியாவின் 1921 கணக்கெடுப்பில் இன்றும் தெரிகிறது: மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911–1921தான்.

10. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நோயின் எண்ணிக்கை குறைந்தால் அது நல்ல செய்திதானே?

நோய் குறைந்ததா, கண்டறிவது குறைந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். உலகில் புதிதாகக் கண்டறிந்து அறிவிக்கப்பட்ட காசநோயாளிகள் 2019-இல் 71 லட்சம். 2020-இல் 58 லட்சம். நோய் குறையவில்லை; கண்டறியப்படாமலும் மருந்தில்லாமலும் போனவர்கள் பெருகினார்கள். அதே ஆண்டில், பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிவந்த காசநோய் இறப்பு மீண்டும் ஏறியது. 2022-இல் அறிவிக்கப்பட்டவர்கள் 75 லட்சமாக உயர்ந்ததில், விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்த பங்கும் இருக்கிறது. புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2020-இல் தெரியும் பள்ளத்தையும் இவ்வாறே படிக்க வேண்டும்.

தடுப்பூசி இன்னும் தெளிவான குறியீடு. தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி (டெட்டனஸ்) ஆகியவற்றுக்கான மூன்றாம் தவணையைப் பெற்ற குழந்தைகளின் விகிதம் 2019-இல் 86 விழுக்காடு, 2021-இல் 81. அந்த ஓராண்டில் 2.5 கோடிக் குழந்தைகள் ஒன்றோ பலவோ தவணைகளைத் தவறவிட்டனர்.

11. மனநலத்தை எண்ணில் அடக்க முடியுமா?

ஓரளவு முடியும். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் உலகளவில் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் கூறியது. இது ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த மதிப்பீடு. தற்கொலைகளும் உடனே பெருகும் என்று பலர் அஞ்சினார்கள். 21 நாடுகளின் தரவை ஆராய்ந்த ஆய்வு, முதல் சில மாதங்களில் அப்படி உயர்வு ஏதும் இல்லை என்று கண்டது. பின்னர் ஜப்பானில் பெண்களிடையே உயர்வு தெரிந்தது. ஆகவே ஒரு குறியீட்டின் போக்கைக் கொண்டு இன்னொன்றை ஊகிப்பதும், முதல் மாதங்களைக் கொண்டு முழுக் காலத்தையும் தீர்மானிப்பதும் இத்துறையில் செல்லாது.

12. ஆயுட்காலம் 1.8 ஆண்டு குறைந்தது என்றால் ஒவ்வொருவருக்கும் அவ்வளவு குறையுமா?

இல்லை. 2019-க்கும் 2021-க்கும் இடையே உலகின் சராசரி ஆயுட்காலம் 1.8 ஆண்டு குறைந்து, 2012-இல் இருந்த 71.4 ஆண்டுக்கே திரும்பியது. அவ்வாண்டில் நிலவிய இறப்பு விகிதங்களையே ஒரு குழந்தை தன் வாழ்நாள் முழுதும் சந்தித்தால் எத்தனை ஆண்டு வாழும் என்பதே இந்த எண்ணின் பொருள். பெருந்தொற்று ஆண்டின் விகிதம் வாழ்நாள் முழுதும் நீடிக்காது என்பதால், இது யாருடைய எதிர்காலத்தையும் சொல்வதன்று. அந்த ஆண்டின் கடுமையைக் காட்டும் அளவுகோல்.

13. இறந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அப்படியானால் இழப்பு சிறியதுதானே?

இதற்கு இழந்த வாழ்வாண்டுகள் என்ற அளவை பயன்படுகிறது. 81 நாடுகளின் தரவைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வு, ஓர் இறப்புக்குச் சராசரியாக 16 ஆண்டுகள் இழக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. அளவையின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும்: ஏற்கெனவே பல நோய் உள்ளவருக்கும் அதே வயதுடைய நலமானவருக்கும் ஒரே எஞ்சிய ஆயுளைக் கொடுத்தால் இழப்பு சற்று மிகைப்படும். அதைத் திருத்தினாலும் எண் "ஓரிரு மாதங்கள்" என்ற அளவுக்குச் சுருங்காது.

14. பாதிப்பு நோயால் வந்ததா, பொதுமுடக்கத்தால் வந்ததா?

முழுமையாகப் பிரிப்பது கடினம். இரண்டும் ஒரே வாரங்களில் வந்தன. அரசு தடை விதிக்காத இடத்திலும் மக்கள் அச்சத்தால் மருத்துவமனையைத் தவிர்த்தார்கள். கட்டுப்பாடு கடுமையாகவும் தொற்று மிகக் குறைவாகவும் இருந்த இடங்களைப் பார்ப்பது ஒரு வழி. நியூசிலாந்தில் மிகை இறப்பு எழாதது, பொதுமுடக்கம் மட்டுமே குறுகிய காலத்தில் பெருமளவு உயிரைப் பறிக்கும் என்ற வாதத்தை அங்கே பலவீனப்படுத்துகிறது. ஆனால் அது வசதி படைத்த தீவு நாடு. அன்றாடக் கூலியை நம்பியிருப்போர் மிகுந்த நாட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பெருவில் கடுமையான முடக்கமும் இருந்தது, மிக உயர்ந்த இறப்பும் இருந்தது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி வாதிடுவோரிடம் மற்றதைக் கேட்க வேண்டும்.

15. எத்தனை ஆண்டுகள் கணக்கெடுப்பைத் தொடர வேண்டும்?

விளைவுக்கு விளைவு காலம் வேறுபடும். மாரடைப்புச் சிகிச்சை தாமதமானதன் விளைவு நாள்களில் தெரியும்; தவறிய தட்டம்மைத் தடுப்பூசியின் விளைவு இரண்டு மூன்று ஆண்டுகளில் நோய்ப்பரவலாக வரும்; தள்ளிப்போன புற்றுநோய்ப் பரிசோதனையின் விளைவை ஐந்தாண்டு, பத்தாண்டு உயிர்பிழைப்பு விகிதங்களில் தேட வேண்டும். மிகை இறப்புக் கணக்கு இந்த நீண்ட விளைவுகளுக்கு ஏற்ற கருவி அன்று. 2019 வரையிலான தரவைக் கொண்டு 2020-ஐக் கணிப்பது ஒப்புக்கொள்ளக்கூடியது. அதே கோட்டை 2026 வரை நீட்டினால் நிச்சயமின்மையின் வரம்பு தேடப்படும் விளைவைவிடப் பெரிதாகிவிடும். அந்தக் கட்டத்தில், 2020-இல் நோய் கண்டறியப்பட்டவர்களையும் 2019-இல் கண்டறியப்பட்டவர்களையும் தனித்தனிக் குழுக்களாகப் பின்தொடர்ந்து, நோயின் எந்த நிலையில் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்று ஒப்பிடும் பதிவேட்டு ஆய்வுகளே பதில் தரும். அவற்றுக்கு வேண்டியது நோயறிந்த தேதி, நோயின் நிலை, இறந்த தேதி ஆகிய மூன்றும் ஒரே ஆளின் பெயரில் இணைக்கப்பட்ட பதிவுகள்.